பின்பக்கத்து முகம்

துடைத்த கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இப்போதுதான், இதோ ஒரு நொடிக்கு முன்னால்தான், அந்தக் கண் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஞ்சு சுற்றிய குச்சியை அசிட்டோனில் தொட்டு ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள், கண் மூடிக்கொண்டது. "ஐயோ மாதாவே!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் ஞானசௌந்தரி. யார் காதிலும் விழவில்லை. புதுச்சேரிக் கடற்கரைப் பக்கத்துப் பழைய அருங்காட்சியகத்தின் மாடியில், உடைந்ததையும் மங்கியதையும் சரிபண்ணுகிற அந்த அறையில், ஏசி மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சைப் பார்த்தாள். கறுப்பும் பழுப்புமாக ஒரு கண்மணி அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. மேசைமேலிருந்த முகக் குடுவையைப் பார்த்தாள். மேல் இமையும் கீழ் இமையும் சேர்ந்து நடுவே மெல்லிய கோடு. தூங்குகிற பிள்ளையின் இமை. இன்னொரு கண், இடது கண், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று திறந்தபடியே இருந்தது. ரோமாபுரிக்காரர்கள் காலத்துக் கண்ணாடி கண்ணை மூடுமா? பாதி ஆயுசை இந்த மேசையில் கழித்தவள் அவள். உப்புப் பூத்த கண்ணாடி, மண்ணுக்குள் கிடந்து வானவில் நிறம் ஏறின கண்ணாடி, தொட்டால் மீன் செதிலாக உரிகிற கண்ணாடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. துடைத்தால் கண்ணை மூடுகிற கண்ணாடியை இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

போச்சு, எல்லாம் போச்சு. சாப்பாட்டு வேளைக்கு அப்புறம் பாரீசிலிருந்து வந்திருக்கிற மதாம் இந்தக் குடுவையைப் பார்க்க வருகிறாள். அங்கே பழைய கண்ணாடிக் குடுவைகளாகச் சேர்த்துவைத்துப் பெரிய கண்காட்சி நடத்துகிறார்களாம், இதையும் இரவல் கேட்கிறார்கள். டைரக்டர் காலையில் வந்து, "தூசி மட்டும் தட்டி வையுங்க மேடம், பார்த்தா பளிச்சுன்னு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தூசி தட்டு என்றால் தூசியைத் தட்ட வேண்டியதுதானே! இவள் எதற்கு அசிட்டோன் பாட்டிலைத் திறந்தாள்? காபி. பாழாய்ப்போன அந்தக் காபிதான் காரணம். இந்தத் தொழிலில் முதல் துடைப்பு எச்சிலால்தான். வெளியாட்கள் கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் பஞ்சை நாக்கில் தொட்டுத் தொட்டுத் துடைப்பதைப்போல் பதமான துடைப்பு வேறு கிடையாது, எந்தத் தேசத்திலும் இந்த வேலைக்காரர்கள் அதைத்தான் செய்கிறார்கள். காபி குடித்த வாயோடு மட்டும் செய்யக் கூடாது, பாலும் சர்க்கரையும் போய் ஒட்டிக்கொள்ளும். மாடியைக் கூட்டிப் பெருக்குகிற பரிபூரணம் கொண்டுவந்து வைத்த காபியை மடக் மடக்கென்று குடித்துத் தொலைத்திருந்தாள். எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சோம்பல். கண்ணாடிதானே, கண்ணாடியை அசிட்டோன் என்ன பண்ணிவிடும் என்ற திமிர். முதலில் அடிப்பக்கத்தில், மறைவாக ஒரு புள்ளி தொட்டுப் பாருங்கடி, அப்புறம்தான் மேலே கை வைக்கணும் என்று புதிதாகச் சேருகிற பெண்களிடம் வாய் வலிக்கச் சொல்கிறவள், தானே நேராக முகத்தில், அதுவும் கண்ணில் கொண்டுபோய் வைத்தாளே! வெறும் நெட்டுரு, புத்தி எங்கே போச்சு என்று தன்னைத்தானே வைதுகொண்டாள். வைதால் திறக்கிற கண்ணா அது?

குடுவையை மெல்லத் திருப்பினாள். கைக்குள் அடங்குகிற உருப்படிதான். சின்னக் கழுத்து, அதன் கீழே தலை, தலைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு முகம். இரண்டும் சுருட்டை முடிக் குழந்தைகள். சிரியாப் பக்கத்தில் எவனோ ஒருவன் ஊதியது, அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டுவந்து இங்கே கொடுத்தது. களிமண்ணில் சுட்ட அச்சு இரண்டு பாதியாக இருக்கும். சேர்த்துப் பிடித்துக்கொண்டு, குழாய் நுனியில் உருகின கண்ணாடியை எடுத்து உள்ளே விட்டு ஊதினால் அது போய் அச்சின் மூக்கிலும் கன்னத்திலும் முட்டி நிற்கும். அச்சைப் பிரித்தால் முகம். இரண்டு பாதியும் ஒரே மூல முகத்தில் ஒற்றி எடுத்தவை, அதனால் முன்னும் பின்னும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்குக் கண் திறந்திருந்தால் மற்றதற்கும் திறந்திருந்தாக வேண்டும். முன்பக்கத்துப் பிள்ளை திறந்த கண்ணோடு, மூடின வாயோடு, சமர்த்தாக இருந்தது. பின்பக்கம்? கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் புருவத்தைத் தொட்டாள். நகம் ஒட்டிக்கொண்டது. கண்ணாடி ஒட்டுமா? ஒட்டாது. இது கண்ணாடியே இல்லை. பிசின். உடைந்துபோன இடத்தை அடைப்பதற்கு வார்த்து ஒட்டுகிற பிசின், அசிட்டோன் பட்டால் இளகுகிற பிசின். அதன் மேல் பச்சையும் பழுப்பும் பூசி, கண்ணும் வரைந்து, பக்கத்திலிருக்கிறதுக்கு இரட்டை என்று நம்பவைத்திருக்கிறார்கள். கண்ணாடி போகவில்லை என்று தெரிந்ததும் ஒரு மூச்சு கீழே இறங்கியது. இறங்கின மூச்சு பாதியிலேயே நின்றது. இவ்வளவு நைசாக வார்க்கிற கை இந்தக் கட்டிடத்தில் ஒன்றுதான் இருந்தது. அந்துவான். அவளுடைய வீட்டுக்காரர். கண் மங்கிப்போய் ஓய்வு வாங்கிக்கொண்டு, இந்நேரம் வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருக்கிற மனுஷன்.

அடப்பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொன்னீரா! ஒரே கட்டிடம், ஒரே வீடு, ஒரே கட்டில், இத்தனை வருஷம். பின்பக்கம் முழுக்க என் வேலை என்று ஒரு வார்த்தை. இவளும் அதைத் தொட்டதே இல்லை என்பது உண்மைதான். கண்ணாடிப் பெட்டிக்குள் நல்ல முகம் ஆட்களைப் பார்க்க, மற்றது சுவரைப் பார்க்க, அது பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. இவள் ஒரு வருஷம் போல இங்கே இல்லாதபோது அது உடைந்திருக்க வேண்டும், அப்போதிருந்த டைரக்டரும் எப்போதோ போய்விட்டார். அது சரி, உடைந்தது, அடைத்தார், அடைப்பதில் தப்பில்லை. ஆனால் முன்பக்கத்து முகத்திலேயே அச்சு எடுத்து வார்த்திருந்தால் இரட்டை அப்படியே வந்திருக்குமே, அதுதானே முறை, ரெண்டாம் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. இவர் ஏன் மூடின கண்ணோடு வேறே ஒரு முகத்தை வார்த்து, அதன்மேல் திறந்த கண்ணை வரைந்தார்? முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூக்கு வேறே. முன்பக்கத்து மூக்கு நீளம், இது சப்பை. கன்னம் வேறே. வாய். வாயில் போய்ப் பார்வை முட்டிக்கொண்டது. முன்பக்கத்து வாய் நேராக மூடியிருந்தது. பின்பக்கத்து வாய்க்கு ஒரு ஓரம் மட்டும் மேலே ஏறியிருந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டு அடக்க முடியாமல் போகிறபோது ஏறுமே அந்த மாதிரி. "இன்னா மேடம், பேயறஞ்ச மாதிரி உக்காந்துகினு இருக்கீங்க? சாப்பாடு வாங்கியாரவா?" என்று கதவோரம் பரிபூரணம் கேட்டாள். வேண்டாம் என்று கையை ஆட்டினாள். "தயிர் சாதமாச்சும்?" வேண்டாம். "பசியோட குந்தினா மயக்கம் வரும், அப்புறம் என்னச் சொல்லாதீங்க." போ பரிபூரணம், போ, கதவைச் சாத்து. சாத்தினாள். வாய் அப்படியே இருந்தது. ஒரு ஓரம் மேலே.

இல்லை. இருக்காது. அப்படியெல்லாம் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டாள். செலீன் முகத்தில் அன்றைக்கு அச்சு எடுக்கச் சாந்து பூசினபோது வாய் அப்படித்தான் ஏறியது. செலீன் அவர்கள் மகள், ஒரே மகள், நாலாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது காய்ச்சலில் போய்விட்டவள். அதற்கு முந்தின கிறிஸ்துமசுக்குக் குடிலில் வைக்க இறக்கை வைத்த சம்மனசு செய்கிறேன் என்று அந்துவான் மண் பிசைந்துகொண்டிருந்தார்; எனக்கு அச்சு எடு, எனக்கு அச்சு எடு என்று காலைச் சுற்றிக்கொண்டு வந்தது அது. சரி படு என்றார். புருவத்தில் தேங்காயெண்ணெய் தடவி, மூக்குக்கு இரண்டு உறிஞ்சுகுழல் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, முகமெல்லாம் சாந்து பூசினார். ஆடக் கூடாது பாப்பா, சிரிக்கக் கூடாது பாப்பா. இவள் பக்கத்தில் நின்று விரலை அதன் உள்ளங்காலில் வைத்தாள். ஏன் வைத்தாள்? சும்மா, விளையாட்டுக்கு. வயிறு குலுங்கியது, உறிஞ்சுகுழலில் புஸ் புஸ்ஸென்று காற்று வந்தது. "கெடுத்தியா நீ, வாய் கோணிப் போச்சு" என்று அந்துவான் கத்தினார், கத்திக்கொண்டே அவரும் சிரித்தார். அந்தச் சாந்தைக் கழுவிவிட்டு முகத்தில் மிச்சம் ஒட்டியிருந்ததை இவள் முந்தானை நுனியை எச்சில் தொட்டுத் துடைக்கப் போனாள்; "சீ அம்மா!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. எப்போதும் அப்படித்தான், பள்ளிக்கூடம் கிளம்பும்போது கண்மை வழிந்திருந்தால் துடைக்க விடாது, சீ அம்மா, எச்சில். கண்ணடிக்கத் தெரியாது அதற்கு. ஒற்றைக் கண்ணை மூடச் சொன்னால் இரண்டும் சேர்ந்து மூடிக்கொள்ளும், வாயும் சேர்ந்து கோணும். இங்கே மேசைமேல் ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து. ஐயோ, வேண்டாம், அதை நினைக்காதே.

அளவைப் பார் சௌந்தரி, அளவைப் பார் என்று புத்தி பிடித்து இழுத்தது. செலீனின் முகம் இவள் விரித்த கை அளவு. இது ஒரு எலுமிச்சம்பழம் அளவு. பெரிய அச்சில் சின்ன முகம் வருமா? வராது. அச்சு அளவுக்குத்தான் வார்ப்பு. ஆக இது யாரோ ஒரு பொம்மை முகம், கடையில் விற்கிற பொம்மை, வாய் கோணினதெல்லாம் தற்செயல். அப்பாடா. எழுந்திருக்கப் பார்த்தாள், எழுந்திருக்க முடியவில்லை, ஏனென்றால் அச்சு சுருங்கும். களிமண் காய்ந்தால் சுருங்கும், சுட்டால் இன்னும் கொஞ்சம் சுருங்கும். கல்யாணம் ஆன புதிதில் அந்துவான்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்: அந்தக் காலத்து ஊதுகாரர்களில் திருட்டுப்பயல்கள் இருந்தார்களாம், அடுத்தவன் செய்த அழகான குடுவையை வாங்கி அதன்மேல் மண்ணை அப்பி அச்சு எடுத்துவிடுவார்களாம். மண் காய்ந்து சுருங்குவதால் திருட்டுக் குடுவை அசலைவிட ஒரு சுற்றுச் சின்னதாகத்தான் வரும். அதிலிருந்து இன்னொருவன் திருடினால் இன்னும் சின்னது. பேரன் காலத்துத் திருடனுக்கு முகம் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆகிவிடும் என்று சொல்லி அவர் சிரிக்கிற சிரிப்பு! சிரிப்பு காதில் கேட்டது. ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து ஒன்று. செலீன் போனபிறகு காரைக்காலில் அக்கா வீட்டில் கிடந்துவிட்டு இவள் திரும்பி வந்த நாளில் கொல்லைப்புறம் முழுக்கச் சுட்டமண் சில்லு கொட்டிக் கிடந்ததே. கிணற்றடிப் பள்ளத்தை அதைப் போட்டு நிரப்பியிருந்தார். துணி உலர்த்தப் போனபோது காலில் ஒன்று குத்தியது, எடுத்துப் பார்த்தாள், காது. சின்னக் காது. அருங்காட்சியகத்துக் கடைக்கு நகல் செய்கிறாராக்கும் என்று தூக்கி எறிந்தாள். தூக்கி எறிந்தாளே! அவர் சட்டையெல்லாம் ஈரமண் வாசம் அடித்தது. கொல்லைக் கொட்டகையிலேயே கிடையாகக் கிடந்தார். பொண்ணு போயிட்டா, இந்த மனுஷனுக்கு மண்ணு கேக்குது என்று அக்காவிடம் போனில் சொன்னாள். கல்லு மனுஷன்க்கா, கண்ல பொட்டுத் தண்ணி வரல என்றாள். அந்தக் கல்லைத்தான் அன்றிலிருந்து இன்றுவரை சோறு போட்டுக் காப்பாற்றி வந்திருக்கிறாள்.

பூதக்கண்ணாடியை இழுத்து வைத்தாள். பார்க்கக் கூடாது என்று ஒரு மனசு, பார்த்துத் தொலை என்று ஒரு மனசு. மூக்குக்குப் பக்கத்தில், இடது கன்னத்தில், ஊசி குத்தின அளவு ஒரு குழி. காற்றுக்குமிழி என்றுதான் யாரும் சொல்வார்கள். வார்க்கும்போது காற்று அடைத்துக்கொண்டால் இப்படிக் குழி விழும். அந்துவான் வார்ப்பில் குமிழியா? தட்டித் தட்டி, ஊசியால் குத்திக் குத்தி, கடைசிக் குமிழிவரை வெளியேற்றாமல் அவர் எழுந்ததே கிடையாது. இது குமிழி இல்லை. அம்மை போட்டபோது சொறியாதே சொறியாதே என்று சொல்லியும் சொறிந்து வைத்த தழும்பு. தூங்குகிறபோது இவள் கட்டைவிரலால் அந்தக் குழியைத் தடவிக்கொண்டே படுத்திருப்பாள். போட்டோ எல்லாம் வீட்டில் இருக்கிறது, போட்டோவில் தடவினால் வழவழவென்றுதான் இருக்கும். ஆனால் இத்தனை தடவை சுருங்கினால் அந்தத் தழும்பு எப்படி நிற்கும்? முதலிலேயே மழுங்கிப் போயிருக்குமே. அப்படியென்றால் ஒவ்வொரு தடவையும் அவர் ஊசியை எடுத்து அதை மறுபடி குத்தியிருக்கிறார். மறந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு தடவையும். இவளுக்கு வாயைத் திறந்து கத்த வேண்டும்போல் இருந்தது. ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இவள் வெந்நீர் வாங்கத்தான் கீழே போனாள். பிளாஸ்க்கை நிரப்பிக்கொண்டு மாடி ஏறி வந்தபோது முடிந்துவிட்டது. கண்ணை யாரோ மூடியிருந்தார்கள். யார் மூடினது என்று இவள் கேட்கவில்லை, பெற்றவளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்பதுதான் தெரிந்தது. அவர் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும், ஓடி வந்திருப்பாள். கொடுக்கவில்லை. அதைத்தான் இவள் மன்னிக்கவில்லை. காரைக்காலில் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டதும் அதற்காகத்தான், திரும்பி வந்தபின் அவரோடு குழம்பையும் மழையையும் தவிர வேறெதையும் பேசாததும் அதற்காகத்தான்.

இப்போது என்ன செய்வது? மதாம் வந்து பூதக்கண்ணாடியை வைத்தால் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். இது ரோமாபுரி முகம் இல்லை, எடுங்கள் என்பாள், அது நியாயம். எடுப்பது என்றால் இன்னும் நாலு பஞ்சு அசிட்டோன். மூக்கு வழியும், வாய் வழியும், குப்பைக் கூடையில் நாலு அழுக்குப் பஞ்சாகக் கிடக்கும். அடைப்பு எதுவானாலும் பின்னால் வருகிறவர்கள் கரைத்து எடுக்கிற மாதிரித்தான் இருக்க வேண்டும், அது இந்தத் தொழிலின் சட்டம், அந்துவான் சட்டத்தை மீறவில்லை. பெற்ற மகளைக் கரைகிற பொருளில் செய்து வைத்திருக்கிறார்! இல்லையென்றால் மறுபடி கண்ணை வரைந்து, புருவத்தைச் சரிபண்ணி, ஒன்றும் தெரியாதவள்போல் சும்மா இருந்துவிடலாமா? வரையத் தெரியும். அப்போது பாரீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் செலீன், கீழே வேறே யாரோ ஒரு பிள்ளையின் விலாசத்தோடு. ஊர்பேர் தெரியாத கூட்டம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சீ. அதுவும் முடியாது, இதுவும் முடியாது. கரைத்தால் கொன்ற மாதிரி, விட்டால் பொய் சொன்ன மாதிரி. புருவத்தைப் பார்த்தாள், அசிட்டோன் பட்ட இடம் மினுமினுவென்று இளகிக் கிடந்தது. தன் கையாலேயே. யோசிக்காமல் போனை எடுத்தாள்.

"அலோ. என்ன சௌந்தரி, சாப்ட்டியா? வஞ்சிரம் நல்லா இருந்துச்சு, வாங்கி இப்பதான் கழுவிக்கிட்டிருக்கேன்."

"ரெண்டு முகக் குடுவைய வெளிய எடுத்திருக்கேங்க."

குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

"பின்பக்கம் தொடச்சியா?"

"ம்."

"எச்சிலாலதான?"

"அசிட்டோன்."

"அடிப்பாவி! எவ்ளோ போச்சு?"

"வலது கண்ணுல பெயிண்ட்டு வந்துடுச்சு. புருவம் கொஞ்சம் எளகியிருக்கு."

"தொடாதே. ஊதாதே. அது பாட்டுக்கு இறுகிக்கும். மேல பூசினது வெறும் வாட்டர் கலருடி, எச்சி பட்டாலே வந்துடும். அதுக்குப் போயி யாராச்சும் அசிட்டோன எடுப்பாங்களா?"

எத்தனையோ வருஷம் கழித்து அவர் இவளை டி போட்டுத் திட்டுகிறார். இவளுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எதுக்குங்க அவளச் சுருக்குனீங்க?" என்று கேட்டாள்.

"சுருக்கணும்னு ஆரம்பிக்கலம்மா. அந்தச் சாந்து அச்சு விரிசல் விட்டுது. போயிடப் போவுதேன்னு மண்ணுல ஒண்ணு எடுத்தேன். எடுக்கையில அச்சு ஒடஞ்சுபோச்சு. காஞ்சு வந்ததப் பாத்தா ஒரு சுத்து சின்னது. சரி இதாச்சும் இருக்குதேன்னு பாத்தா, அதுலயும் சூளைல விரிசல். அதுவும் போயிடுமேன்னு இன்னொண்ணு. இப்படியே..." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒவ்வொண்ணையும் காப்பாத்தறேன்னுதான் செஞ்சேன். காப்பாத்தக் காப்பாத்த சின்னதாயிட்டே போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ காரைக்கால்லேந்து வர்றதுக்குள்ள ரொம்பச் சின்னதாப் போயிட்டா. உங்கிட்ட எப்படிக் கொண்டாந்து காட்டறது?"

ஏசி உர்ரென்றது. இவள் குடுவையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அப்பதான் இந்தக் குடுவை ஒடஞ்சு வந்துது," என்றார் அவர். "பின்பக்கம் பொடியாப் போயிருந்துச்சு. வச்சுப் பாத்தேன், அளவு சரியா இருந்துச்சு. முன்பக்கம் ஒரு புள்ள தனியா வேற இருந்துச்சா... செஞ்சது தப்புதான்."

"மறுபடி பெருசாக்க முடியாதாங்க?"

"மண்ணு சுருங்கத்தான் செய்யும் சௌந்தரி."

கேட்கக் கூடாதென்று வைத்திருந்தது அதுவாக வெளியே வந்தது. "அன்னிக்கு என்னை ஏன் கூப்புடல நீங்க? ஜன்னலாண்ட வந்து ஒரு கொரல் குடுத்திருக்கலாம்ல?"

"கைய விட்டுட்டுல்ல வரணும்? அவ புடிச்சிக்கிட்டிருந்தா" என்றார்.

பிளாஸ்க்கோடு மாடி ஏறி வந்தவள் இத்தனை வருஷமும் அந்தப் படியிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறாள். அவர் கை எங்கே இருந்தது என்று பார்க்கவே இல்லை.

"பாரீஸ்காரம்மா வராங்க," என்றாள். "எடுத்துத்தாங்க ஆகணும். நம்ம புள்ளைய அவங்க புள்ளைன்னு அனுப்ப முடியாது."

"எடுத்துடலாம். அதுக்குத்தான கரையறதுல செஞ்சேன். முகத்துல கை வைக்க வேணாம், ஓரத்துல மட்டும் ஊசியால சொட்டுச் சொட்டா விட்டா முழுசா கழண்டு வரும். ஒருத்தர் விடணும், ஒருத்தர் கீழ கைய ஏந்திக்கணும். நான் வரேன். தனியா ஆரம்பிச்சுடாதே."

"மாட்டேன். வாங்க."

போனை வைத்தாள். குடுவை தன் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. கழற்றுவதற்கு இரண்டு பேர் வேண்டும், அது சரி, அவர் வரட்டும். மதாம் வந்தாலும் காத்திருக்கட்டும். உடைந்த இடம் ஓட்டையாகவே பாரீசுக்குப் போகட்டும், டைரக்டர் கத்தினால் கத்தட்டும். ஆனால் இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது, அதற்கு ஒரு கை போதும். எழுந்தாள். மூலையிலிருந்த குழாயில் வாயைக் கொப்பளித்தாள், காபி வாசம் போகிறவரைக்கும் கொப்பளித்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து, குச்சியில் புதுப் பஞ்சைச் சுற்றி, நாக்கில் தொட்டாள். திறந்திருந்த இடது கண்ணில் வைத்து, மேலிருந்து கீழே, ஒரே ஒரு தடவை இழுத்தாள். இமை மூடிக்கொண்டது. கறுப்பு கொஞ்சம் கன்னத்தில், அந்தக் குழிவரைக்கும் வழிந்திருந்தது. பஞ்சை மறுபடி நாக்கில் தொட்டுக்கொண்டு அதையும் துடைத்துவிட்டாள். இந்தத் தடவை அது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.